அறுபது நாள் தாய்மை

என் மகளின் பாலர் பள்ளியில் சில மாதங்களுக்கு முன் அன்னையர் தினம் கொண்டாடினார்கள். சிறப்புப் பேச்சாளர் ஒரு தொழிலதிபர். நாற்பது பேருக்கு வேலை கொடுப்பவர் என்று அறிமுகப்படுத்தினார்கள். நன்றாகத்தான் பேசினார். தாயின் காலடி, கோயில், தெய்வம் எல்லாம் வந்தன. கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"நம்ம பாட்டிங்க பத்து பிள்ளை பெத்தாங்க. பத்துக்கும் தாய்ப்பால்தான். இன்னைக்கு ஒன்னு பெத்துட்டு, அழகு கெட்டுடும்னு டின் பாலை வாங்கிக் கரைச்சிக் கொடுக்கறீங்க. இதுவா தாய்மை?"

கைதட்டல் அடங்க நேரமானது. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாக்களும் தட்டினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் தட்டினேன். வீட்டுக்கு வரும் வழியில் காரில் மகள் தூங்கிப் போனாள். அவளுக்கு நான் ஐம்பத்திரண்டு நாள்தான் முழுமையாகத் தாய்ப்பால் கொடுத்தேன். ஏன் கொடுக்க முடியாமல் போனது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த மனிதருக்கு ஏன் கைதட்டினேன் என்ற கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

அவர் சொன்ன பாட்டிமார்களில் ஒருத்தியை எனக்குத் தெரியும். சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். என் அம்மாவைப் பெற்றவள். எட்டுப் பெற்றாள், இரண்டு தங்கவில்லை. இருட்டு விலகும் முன்பே பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். போகிற வழியில் ஆயாக்கொட்டகையில் பிள்ளையைக் கிடத்திவிட்டுப் போவாள். மரத்தை வெட்டி, மங்கு நிறையும்வரை இருந்து, பாலெடுத்து, வாளியைச் சுமந்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பகல் பாதி போயிருக்கும்.

"நெஞ்சு கட்டிக்கிட்டு கல்லாட்டம் ஆயிடும்டி. மரத்தோரமா உக்காந்து பீச்சி மண்ணுல விட்டுட்டு அடுத்த மரத்துக்குப் போவேன்." பாட்டி இதை ஒரு சோகக் கதையாகச் சொன்னதில்லை. வெற்றிலை மென்றுகொண்டே, மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள். தோட்டத்தில் இரண்டு விதமான பால் இருந்தது. ஒன்றை நிறுத்து, கிராணி கணக்கில் எழுதினார். இன்னொன்று மண்ணுக்குள் போனது.

என் பெரியம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. பிள்ளை அழுகையை நிறுத்தாத நாட்களில் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு வருவாராம். பாட்டி அங்கேயே பால் கொடுத்து அனுப்புவாள். பிறகு அதுவே அன்றாட வேலையாகி, பெரியம்மா பள்ளிக்கூடத்துக்குப் போவது நின்றுபோனது. பத்துப் பிள்ளைக்கும் தாய்ப்பால் கொடுத்த பாட்டிமார்களைப் பற்றிப் பேசுகிறவர்கள், அந்தப் பாலை யார் எந்த விலை கொடுத்துக் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். எங்கள் குடும்பத்தில் அதன் விலை ஒரு சிறுமியின் படிப்பு.

டின் பாலும் நேற்று வந்ததல்ல. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் சிசிலி வில்லியம்ஸ் என்ற குழந்தை மருத்துவர் ஓர் உரை ஆற்றினார். அதன் தலைப்பு 'பாலும் கொலையும்'. ஏழைத் தாய்மாரிடம் இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தைக்கு ஏற்ற உணவு என்று விற்பதைப் பார்த்துப் பொறுக்காமல் பேசிய உரை அது. தவறான பிரச்சாரத்தால் சாகும் குழந்தைகளின் சாவைக் கொலையாகவே கருத வேண்டும் என்றார். கவனியுங்கள், அந்த மருத்துவர் தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. விற்றவர்களை ஏற்றினார். ஏறக்குறைய 90 ஆண்டுகள் கழித்து நம் மேடைகளில் கூண்டில் நிற்பது தாய் மட்டும்தான்.

இனி என் கதை. இதைச் சொல்ல எனக்கு ஒரு வசதி இருக்கிறது. எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் 2019இல் பிறந்தாள். இளையவன் 2023 ஆகஸ்டில் பிறந்தான். இரண்டுக்கும் நடுவில் நாட்டின் சட்டம் மாறியது.

1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டப்படி, மூத்தவள் பிறந்தபோது தனியார் துறையில் பிரசவ விடுமுறை 60 நாள். சனி, ஞாயிறு, தீபாவளி எல்லாம் அதற்குள் அடக்கம். எனக்குக் கால் வீங்கி நிற்க முடியாமல் போனதால் எட்டு நாள் முன்பே விடுமுறையைத் தொடங்கினேன். மிஞ்சியது ஐம்பத்திரண்டு. மாமி சுறாப்புட்டும் பூண்டுக் குழம்புமாகப் பத்தியம் சமைத்துப் போட்டார். பால் குறைவே இல்லை. பிள்ளை ஒரு பக்கம் குடிக்க மறுபக்கம் துணி நனையும். கிளினிக் மிஸி எடை பார்த்துவிட்டு, "நல்லா ஏறியிருக்கும்மா, ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும் குடுங்க" என்றார். ஆறு மாதம். நான் தலையாட்டினேன். அடுத்த திங்கள்கிழமை வேலைக்குப் போக வேண்டும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

காலை ஏழு மணிக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா வீட்டில் விட்டால் திரும்ப வாங்கும்போது மாலை ஆறரை. கணக்கு எழுதும் வேலை. இருபது பேர் இருந்த அலுவலகத்தில் பால் எடுக்க இடம் இல்லை. மேலாளரிடம் கேட்டேன். அவரும் பெண்தான், இரண்டு பிள்ளை பெற்றவர். "டாய்லெட் காலியாத்தானே இருக்கு" என்றார். கெட்டவர் இல்லை. அவர் காலத்தில் அவரும் அப்படித்தான் செய்திருக்கிறார். நீங்கள் உங்கள் மதிய உணவைக் கழிவறை மூடியின் மேல் உட்கார்ந்து சமைப்பீர்களா? என் பிள்ளையின் உணவை நான் அங்கேதான் தயாரித்தேன். நாளுக்கு ஒரு முறை, சாப்பாட்டு நேரத்தில். வெளியே யாராவது கதவைத் தட்டினால் பால் இறங்காது. இறங்குவதற்குள் மணி இரண்டாகிவிடும்.

இறைக்கிற கிணறுதான் ஊறும், இறைக்காத கிணறு நாறும் என்பார்கள். தாய்ப்பாலும் அப்படித்தான். பிள்ளை குடிக்கக் குடிக்க, உடம்பு அந்த அளவைப் புரிந்துகொண்டு சுரக்கும். மணிக்கணக்கில் எடுக்காமல் தேக்கினால், இனி தேவையில்லை போலிருக்கிறது என்று உடம்பு குறைத்துக்கொள்ளும். இது வைராக்கியத்தால் மாற்றக்கூடிய விஷயம் இல்லை. மூன்றாவது வாரம் மார்பில் பால் கட்டிக் குளிர்காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் எம்சி எடுத்தேன். பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனபோது அரை மணி நேரம் எடுத்தும் ஓர் அவுன்ஸ் வருவது பெரும்பாடு. டின் வாங்கினோம். மாமி ஒன்றும் திட்டவில்லை. "எனக்கெல்லாம் ரெண்டு வருஷம் வத்தவே இல்ல" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வரி நான்கு ஆண்டுகள் என்னோடு இருந்தது.

2022இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுமுறை 98 நாள். அப்பாவுக்கு 7 நாள். முதலாளிகள் தரப்பு செலவைச் சொல்லி எதிர்த்தது. ஆனாலும் வந்தது. இளையவன் பிறந்தபோது நான் வேறு அலுவலகத்தில் இருந்தேன். இம்முறை விடுமுறையை முன்கூட்டித் தொடங்க வேண்டியிருக்கவில்லை. திரும்பிப் போனபோது அவனுக்கு மூன்று மாதம் தாண்டியிருந்தது. பால் நிலைத்துவிட்டது. அங்கே எனக்கு மேலே இருந்த கக், போட்டோகாப்பி மெஷின் இருந்த சின்ன அறையைக் காலி பண்ணி, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. "நானும் மூனு பிள்ளைக்குக் கொடுத்தவதான்" என்றார். இளையவன் பதினான்கு மாதம் குடித்தான்.

அதே உடம்பு. அதே மார்பு. நான்கு வயது கூடிய உடம்பு வேறு. மூத்தவள் விஷயத்தில் நான் தாய்மையில் குறைந்தவளும் இல்லை, இளையவன் விஷயத்தில் திடீரென்று தெய்வமாகிவிடவும் இல்லை. இடையில் கூடியவை முப்பத்தெட்டு நாளும் ஒரு தாழ்ப்பாளும். ஒருத்தியின் அனுபவம் ஆராய்ச்சி ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது பிள்ளை என்பதால் எனக்குப் பழக்கமும் இருந்தது. ஆனால் நாட்டின் கணக்கும் இதையேதான் சொல்கிறது.

தேசிய சுகாதார ஆய்வின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்கள் 2006இல் 14.5 விழுக்காடு. 2016இல் 47.1 விழுக்காடு. இப்போது அந்தத் தொழிலதிபரிடம் கேட்கிறேன். இந்தப் பத்து ஆண்டுகளில் மலேசியப் பெண்களுக்கு அழகைப் பற்றிய கவலை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதா? இல்லை. தேசியத் தாய்ப்பால் கொள்கை 2005இல் திருத்தப்பட்டு ஆறு மாதம் என்றானது. அரசு மருத்துவமனைகள் பிறந்த பிள்ளையைத் தாயின் பக்கத்திலேயே விட்டன. மிஸிகள் பால் கொடுக்கச் சொல்லித் தந்தார்கள். 2010இல் அரசு ஊழியர்களுக்கு 90 நாள்வரை விடுமுறை கிடைத்தது. பெண்கள் மாறவில்லை, அவர்களைச் சுற்றி இருந்தவை கொஞ்சம் மாறின. அதற்கே இவ்வளவு ஏற்றம்.

கொஞ்சம்தான் மாறின என்பதையும் சொல்ல வேண்டும். அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 183ஆவது உடன்படிக்கை, 14 வாரமே குறைந்தபட்சம் என்று 2000இல் சொன்னது. 14 வாரம் என்றால் 98 நாள். 23 ஆண்டு கழித்து அந்தக் குறைந்தபட்சத்தைத் தொட்டுவிட்டுத்தான் நாம் மாலை போட்டுக்கொண்டோம். அதே உடன்படிக்கை, வேலைக்குத் திரும்பிய தாய்க்குப் பால் கொடுக்க நேரம் தர வேண்டும், அதற்குச் சம்பளம் வெட்டக்கூடாது என்கிறது. நாம் அதில் கையெழுத்திடவே இல்லை. நம் வேலைவாய்ப்புச் சட்டத்தில் பால் எடுக்க ஐந்து நிமிட உரிமைகூடக் கிடையாது. எனக்கு 98 நாளைத் தந்தது சட்டம். அறையைத் தந்தது ஒரு மனுஷியின் நல்ல மனசு. அந்த கக் வேறு கிளைக்கு மாறிப் போய்விட்டார். போட்டோகாப்பி மெஷின் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது.

பணக்கார ஐரோப்பாவை உதாரணம் காட்டாதே என்பார்கள். சரி, பக்கத்து வீட்டைப் பார்ப்போம். வியட்நாமில் 2013 முதல் பிரசவ விடுமுறை ஆறு மாதம். பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை நாளுக்கு 60 நிமிடம் பாலூட்ட நேரம். பிலிப்பீன்ஸில் 2019 முதல் 105 நாள். பால் எடுக்க இடமும் நேரமும் அங்கே தனிச் சட்டமாகவே இருக்கின்றன. இரண்டும் நம்மைவிட ஏழை நாடுகள். இரண்டிலும் விடுமுறைக் காலப் பணம் சமூகக் காப்புறுதியிலிருந்து வருகிறது. இங்கே முழுச் சம்பளத்தையும் முதலாளி தன் பையிலிருந்து கொடுக்க வேண்டும். ஆகவே இளம் பெண் வேலைக்கு விண்ணப்பித்தால், "கல்யாணம் ஆச்சா? பிள்ளை எப்போ?" என்று நேர்காணலில் கேட்கிறார்கள். அரசாங்கமே அதற்கு விலக்கில்லை. தற்காலிக ஆசிரியை வேலை கொடுத்துவிட்டு, கர்ப்பம் என்று தெரிந்ததும் திரும்பப் பெற்றதை எதிர்த்து நூர்ஃபாடில்லா என்ற பெண் வழக்கு நடத்தி, 2011இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றத்தில் வென்றதை நாம் மறந்துவிடக் கூடாது.

நம் அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். பால் எடுக்கும் கருவி வாங்கினால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை 1,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு உண்டு. நான் அதைப் பயன்படுத்தினேன். ஆனால் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட் வாங்குபவள் வருமான வரியே கட்டுவதில்லை. அவளுக்கு எதிலிருந்து கழிப்பது? கருவி கிடைத்தாலும் அதை எங்கே உட்கார்ந்து மாட்டுவது, எப்போது மாட்டுவது? கேட்டால் பதில் இல்லை. இந்த நாட்டில் தாய்ப்பாலுக்கு உதவி, வசதி உள்ளவளிடம் தொடங்கி அவளிடமே முடிந்துவிடுகிறது.

பள்ளிகளில், மருத்துவமனைகளில் கூட்டிப் பெருக்கும் நம் அக்காமார்களை நினைத்துப் பாருங்கள். குத்தகை நிறுவனத்தின் கீழ் வேலை. ஒப்பந்தம் கைமாறும்போது பதினைந்து ஆண்டு வேலை செய்தவளும் புது ஆளாக எழுதப்படுகிறாள். பிரசவப் பணம் பெற, பிள்ளை பிறப்பதற்கு முந்தைய ஒன்பது மாதத்தில் அந்த முதலாளியிடம் 90 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். ஒப்பந்தம் மாறிய நேரம் சரியில்லாமல் போனால் அவள் கதை முடிந்தது. கணவனும் அதே மாதிரி வேலையில் இருந்தால், ஒரே முதலாளியிடம் 12 மாதம் இல்லாததால் அந்த 7 நாளும் இல்லை. வீட்டில் பலகாரம் சுட்டு விற்பவளுக்கு, உணவு டெலிவரி ஓட்டுபவளுக்கு எந்தக் கணக்கும் கிடையாது.

சிங்கப்பூர் வாசகர்கள் அவசரப்பட்டுப் பெருமூச்சு விட வேண்டாம். உங்கள் 16 வாரம், பிள்ளை குடியுரிமை பெற்றிருந்தால் மட்டுமே. 2025 ஏப்ரலில் தந்தைக்கு நான்கு வாரம் கட்டாயமானதும், பெற்றோர் பகிர்ந்துகொள்ளும் விடுமுறை வந்ததும் உண்மையிலேயே நல்ல மாற்றங்கள். நாம் வெட்கப்பட வேண்டிய அளவுக்கு நல்லவை. ஆனால் உங்கள் வீட்டிலும் என் நாட்டிலும் பணிப்பெண்ணாக வேலை செய்பவள் கருவுற்றால் விடுமுறை கிடையாது, விமானச் சீட்டுதான். நம் பிள்ளையை அவள் தூக்கி வைத்திருக்கும்போது அவள் பிள்ளை யார் கையில் இருக்கிறது என்று நாம் கேட்பதில்லை.

இதை ஒரு தோழியிடம் பேசியபோது அவள் வேறு பக்கத்திலிருந்து கோபப்பட்டாள். "மாவுப்பால் என்ன விஷமா? ஏன் மறுபடியும் பொம்பளைய மாட்டையே இழுத்து அங்கேயே கட்டற?" என்றாள். அவள் கோபம் நியாயமானது. சிலருக்கு உண்மையிலேயே சுரக்காது. சிலருக்கு நோய், மருந்து. சிலர் தத்தெடுக்கிறார்கள். சிலர் வேண்டாம் என்று முடிவெடுக்கிறார்கள். சுத்தமான தண்ணீரில் சரியான அளவில் கரைத்துக் கொடுத்த பாலில் என் மகளும் நன்றாகத்தான் வளர்ந்தாள். யாரும் யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. நான் கேட்பது வேறு. வேண்டாம் என்று சொல்லும் உரிமைக்குப் பொருள் இருக்க வேண்டுமானால், வேண்டும் என்று சொல்பவளுக்கு நேரம் இருக்க வேண்டும். ஐம்பத்திரண்டாவது நாள் நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. பஞ்ச் கார்டு தேர்ந்தெடுத்தது.

இலக்கியம் படிக்கிற நமக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. தாய்ப்பால் இல்லாமல் நம்மால் ஒரு விழாக் கவிதை எழுத முடியுமா? மொழிக்குத் தாய்ப்பால், வீரத்துக்குத் தாய்ப்பால். போரில் மகன் புறமுதுகிட்டான் என்று கேள்விப்பட்டு, அவன் பாலுண்ட மார்பை அறுத்தெறிவேன் என்று புறப்பட்ட தாயைப் புறநானூற்றில் நச்செள்ளையார் பாடினார். இரண்டாயிரம் ஆண்டாக நாம் அந்தத் தாயை மேடையில் ஏற்றிக்கொண்டே இருக்கிறோம். மகன் தோற்றால் அவள் மார்பு பொறுப்பு. பிள்ளைக்குப் பால் இல்லையென்றாலும் அவள் மார்பே பொறுப்பு. மரத்தோரம் உட்கார்ந்து பாலை மண்ணில் பீய்ச்சிய பாட்டியை, கழிவறையில் உட்கார்ந்து கதவு தட்டப்படுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்த குமாஸ்தாவை நம் கதைகளில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? தோட்டத்து நாவல்களில் மரத்துப் பால் எவ்வளவு வந்திருக்கிறது, மனுஷியின் பால் எவ்வளவு வந்திருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். எழுதும் இளைஞர்கள் எழுதட்டும். ஆனால் போற்ற வேண்டாம். போற்றிப் போற்றித்தான் இந்தப் பொறுப்பை முழுதாக அவள் தலையில் வைத்தோம்.

நான் கேட்பதில் புதிதாக ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை நாளுக்கு ஒரு மணி நேரம், சம்பள வெட்டு இல்லாமல், சட்டத்தில் எழுதிக் கொடுங்கள். தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை. அது கழிவறையாக இருக்கக் கூடாது. பிரசவ காலச் சம்பளத்தைத் தனி முதலாளியின் தலையில் கட்டாமல், எல்லோரும் சந்தா கட்டும் ஒரு நிதியிலிருந்து கொடுங்கள். பலகாரம் சுடுபவளும் அதில் சேரட்டும். ஆறு மாதம் தாய்ப்பால் கொடு என்று சுவரொட்டி ஒட்டுகிற அரசாங்கம், தான் கொடுத்த 98 நாளுக்கும் 180 நாளுக்கும் நடுவில் உள்ள 82 நாளுக்குக் கணக்குச் சொல்லட்டும். அப்பாவுக்கு ஒரு வாரம் போதாது. இரவு மூன்று மணிக்குப் பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் விட வைக்க, புட்டி கழுவ, சோறாக்க மார்பு தேவையில்லை.

அன்றைக்குக் கைதட்டியதற்குப் பதிலாக நான் எழுந்து நின்று ஒன்று கேட்டிருக்க வேண்டும். இனி அதே பேச்சை எந்த மேடையில் கேட்டாலும் கேட்பேன், நீங்களும் கேளுங்கள். "ஐயா, உங்க கம்பெனியில நாப்பது பேர் வேலை செய்யறாங்கன்னு சொன்னாங்க. அதுல பிள்ளை பெத்துட்டு வேலைக்குத் திரும்பி வந்த பொண்ணு எங்க உக்காந்து பால் எடுக்கறா?"